அப்புத்தளையில் சைக்கிளை நிறுத்திய நாள்

சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்கள் திட்டம் போடும்போது எங்காவது ஓர் ஓய்வு நாளை வைப்பார்கள். பெரும்பாலும் அது துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் கழிந்துவிடும். அந்த நாளை எடுத்துப் பயணத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளுங்கள், அன்று சைக்கிளைத் தொடாமல் நாள் முழுக்க நடங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். இலங்கையில் மன்னாரிலிருந்து மலையகம் வரை நானும் ஒரு நண்பரும் மிதித்துப் போன பயணத்தில் இதைச் செய்து பார்த்தோம். அப்புத்தளையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்தின் வழியாக லிப்டன் சீட் என்னும் உச்சிக்கு நடந்தோம். அந்தப் பயணத்தில் எனக்கு நெஞ்சில் நிற்பது அந்த நாள்தான். இனிப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் மன்னாரில் தொடங்கினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1820களிலிருந்து தமிழ்நாட்டின் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள் திரட்டிக் கூட்டிப்போன வழி அது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அப்போது மலையில் இருந்தது காப்பி. வழியில் தண்ணீர் கிடையாது, நிழல் கொடுக்கும் மடம் கிடையாது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். அந்த வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்களோடு நின்றவர்களும் நடைபயணம் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்தே அந்த வழியைச் சைக்கிளிலாவது கடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

இன்று அது நல்ல தார்ச்சாலை. மன்னாரிலிருந்து மதவாச்சி வரை ஏ14. அங்கிருந்து ஏ9 பிடித்தால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் இறங்கி நின்றபோது, இந்த இடம் வரை காலால் வந்து சேர்ந்தவர்களை நினைத்துக்கொண்டேன். கண்டிக்குப் பிறகு ஏ5 சாலையில் ரம்பொடை ஏற்றம். அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சிறிய கியரில் போட்டுவிட்டு அவசரப்படாமல் மிதித்தால் யாரும் ஏறிவிடலாம். 1,868 மீட்டர் உயரத்தில் நுவரெலியா. அங்கிருந்து வெலிமடை வழியாக அப்புத்தளை. மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல்.

நடை நாளைக் கடைசிப் பகுதியில் வைக்கச் சொல்வதற்கு உடம்பு சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. பயணத்தின் தொடக்கத்தில் மூச்சு பழகியிருக்காது. கடைசியில் மூச்சும் இதயமும் ஏற்றத்துக்குத் தயாராக இருக்கும். அதனால் மலைப்பாதையில் ஏறுவது சைக்கிள்காரர்களுக்கு இலகுவாகவே இருக்கும். ஆபத்து இறக்கத்தில். மிதிக்கும்போது தொடைத் தசை எப்போதும் சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. மலையிலிருந்து கீழே நடக்கும்போது அதே தசை, உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு நீண்டபடியே வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதே இல்லை. எத்தனை நூறு கிலோமீட்டர் மிதித்திருந்தாலும் இறக்கத்துக்கு உங்கள் கால்கள் புதியவைதான். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட வைக்கும்.

அதற்காக நடையைக் கைவிட வேண்டாம். மறுநாள் மிதிப்பதற்கு என்ன வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலிக்கிற அந்தத் தசைக்குச் சைக்கிள் மிதிப்பதே நல்ல மருந்து. அதில் நீண்டபடி தாங்கும் வேலை இல்லை, இரத்தமும் ஓடும். ஆகவே நடை நாளுக்கு மறுநாள் குறைந்த தூரம், இறக்கம் மிகுந்த சாலையாக இருக்கட்டும். நாங்கள் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை வழியாக எல்ல வரை வைத்திருந்தோம். 25 கிலோமீட்டர் அளவுதான், பெரும்பகுதி கீழ்நோக்கிப் போகும். காலையில் கட்டிலை விட்டு எழவே முனகிய நண்பர், பண்டாரவளை தாண்டும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நடை நாளைக் கடைசி நாளாகவே வைத்துவிட்டு அன்றிரவே பஸ்ஸிலும் விமானத்திலும் முழங்காலை மடக்கி உட்கார்வதுதான் மிக மோசமான திட்டம். கடைசிக்கு முந்திய நாள்தான் சரி.

இன்னொரு வசதியும் உண்டு. சைக்கிளும் அன்று ஓய்வில் இருக்கிறது. முந்தைய மாலையே பிரேக் கட்டைகளைப் பாருங்கள். நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் சாலை அவற்றைத் தேய்த்திருக்கும். ஆரக்கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள், சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிறகு பூட்டி, தங்கும் வீட்டுக்காரர் காட்டுகிற உள்ளறையில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

காலணி விஷயத்துக்கு வருவோம். பெடலில் மாட்டிக்கொள்ளும் கொக்கி வைத்த சைக்கிள் ஷூவைப் போட்டுக்கொண்டு மலையில் நடக்க முடியாது. அதன் அடி வளையாது, ஈரக் கல்லில் நிற்காது. இரண்டு ஜோடி சுமப்பதும் வீண். என் தீர்ப்பு இது: நெடும்பயணத்துக்குச் சாதாரணத் தட்டைப் பெடல் போதும். அடியில் நல்ல பிடிப்புள்ள, இலேசான நடை ஷூ ஒன்றை முதல் நாளிலிருந்தே போட்டு மிதியுங்கள். அது காலுக்குப் பழகியிருக்கும், நடை நாளில் கொப்புளம் வராது. கிளம்பும் முன் கால்விரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் மோதி நகம் கறுத்துப்போவது நீளமாக வளர்ந்த நகத்தால்தான்.

பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டையை அன்று அறையிலேயே விட்டுவிடுங்கள். உட்காருவதற்காகத் தைத்தது அது. நடந்தால் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். சாதாரணப் பருத்திப் பேண்ட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய நைலான் பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதே நல்லது. மழைக்கோட்டு, தொப்பி, இரண்டு தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சைக்கிளில் ஏற்கெனவே இருக்கும். முதுகில் மாட்டும் பைதான் இருக்காது. சைக்கிள்காரர்களின் சுமையெல்லாம் சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்குகிறது அல்லவா? மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் துணிப்பை ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். பல நாள் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்த கழுத்தும், மரத்துப்போன உள்ளங்கையும் அன்று நிமிர்ந்து நடப்பதில் சுகப்படுவதை நீங்களே உணர்வீர்கள். அதைக் கனமான பையை மாட்டிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டின் மேல் இருக்கிற சிறு நகரம். ஒரு பக்கம் ஊவா மாகாணத்தின் மலைகள், மறுபக்கம் நேரே தாழ்நிலம். லிப்டன் சீட் 1,970 மீட்டர். நகரத்திலிருந்து தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர், அங்கிருந்து உச்சி வரை இன்னொரு 7 கிலோமீட்டர். பயணிகள் பலர் விடியும் முன் ஆட்டோ பிடித்து உச்சி வரை போய், சூரியோதயம் பார்த்துவிட்டு மொத்தத்தையும் இறங்கி நடக்கிறார்கள். சைக்கிளில் வந்தவர்களுக்கு அது தவறான வழி. மேலே சொன்னேனே, நமக்குப் பழகாதது இறக்கம். நாம் செய்ய வேண்டியது நேர்மாறானது. நகரத்திலிருந்து தொழிற்சாலை வரை முதல் பஸ், அங்கிருந்து மேலே நடை, இறக்கத்தில் பாதியளவு நடை, மீதி பஸ்.

அந்த முதல் பஸ்ஸுக்காகவே அதிகாலையில் எழலாம். சுற்றுலாவுக்கென்று விட்ட பஸ் அல்ல அது. டவுனிலிருந்து திரும்புகிறவர்கள், மரக்கறி மூட்டை, மருந்துச் சீட்டு வைத்திருக்கிற கிழவர், வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகள் என்று தோட்டத்து வாழ்க்கையே ஏறி இறங்குகிற வண்டி. ஒரு வண்டி மட்டும் போகிற அகலச் சாலையில், எதிரே ஆட்டோ வந்தால் டிரைவர் பின்னோக்கி எடுத்து ஒதுங்குகிறார். நடத்துநர் சிங்களத்தில் கேட்டார், பின்னாலிருந்த ஒருவர் தமிழில் பதில் சொன்னார், இருவருக்கும் சிரமமே இல்லை. சில்லறை வைத்திருங்கள்.

தொழிற்சாலை 1890இல் தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் கட்டியது. நீண்ட வெள்ளைக் கட்டடம், வரிசை வரிசையாகச் சன்னல். தோட்டத்தில் இதை ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் வாசனை சாலை வரை வரும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சைக் கொழுந்து வேண்டும். மலையில் நடக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் படுவதெல்லாம் வேறாகத் தெரியும். இந்த மலைகளில் முதலில் இருந்த காப்பியை 1869இல் தென்பட்ட இலைத் துரு நோய் படிப்படியாக அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். பயிர் மாறியது. உழைத்தவர்கள் மாறவில்லை.

தொழிற்சாலையைத் தாண்டியதும் தார் போட்ட தோட்டச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வளைவுகளுக்கிடையே கற்படி வைத்த குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஏறும்போது குறுக்கு வழியில் போங்கள், நேரம் மிச்சம். இறங்கும்போது சாலையோடு வாருங்கள், முழங்கால் மிச்சம். ஒன்பது, பத்து மணிக்குள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்திலிருந்து ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து மேகமாகிவிடும். பத்து மணிக்குப் பிறகு வந்தவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

வழியில் ஒரு வளைவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு மிக அருகே வந்துவிட்டோம். சைக்கிளில் போயிருந்தால் தலைத்துணியின் சிவப்பும் மஞ்சளும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நடந்ததால் கைகள் தெரிந்தன. சாலையோரச் செடியில் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதாவது இருக்கும். இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணியைக் கட்டியிருந்தார். கூடையின் கயிறு தலைத்துணியின் மேல் நெற்றியோரம் அழுந்திக் கிடந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் செடியின் மேல் ஓடின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்ட இடத்தில் ஒரு மெல்லிய முறிவுச் சத்தம். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னோக்கி எறிகிறார், ஓர் இலைகூடக் கீழே விழவில்லை. விரல் நுனிகள் கறை ஏறிக் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பின் நடுவே கோடு கோடாக வெடிப்பு. ஆள்காட்டி விரலில் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்.

“எங்கயிருந்து வாரீங்க தம்பி?” கை நிற்காமலே கேட்டார்.

“இந்தியாங்கம்மா. முசிறிப் பக்கம்.”

“முசிறியா? எங்க தாத்தாவுக்குத் துறையூருன்னு சொல்லுவாங்க. அது பக்கமா?”

“பக்கந்தாம்மா. பஸ்ஸுல ஒரு மணி நேரம்.”

“ஒரு மணி நேரந்தானா” என்றார். சற்றுக் கழித்து, “அங்க இப்ப மழையா?” என்று கேட்டார்.

இவ்வளவுதான் பேச்சு. மேலே பேச எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைக்கும் கணக்கு இருக்கிறது. அது நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய். அந்த 1,000 ரூபாய்க்காக எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பது செய்தி படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாம் நிறுத்திப் பேசுகிற ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கூடையிலிருந்து போகிறது. எனவே கொழுந்து எடுக்கும்போது நின்று பேச்சை வளர்க்காதீர்கள். நிறுவைக்காகக் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும் நேரம் உண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் உண்டு. அப்போது அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்காமல் எடுக்காதீர்கள். “ஒரு படம் எடுத்துக்கவாம்மா?” என்று தமிழில் கேட்க நமக்கு வாய் இருக்கிறது, வேறு நாட்டுப் பயணிகளுக்கு அது இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். லிப்டன் சீட் சாலையில் சிலர் படத்துக்குப் பணம் கேட்பார்கள், அதைக் குறையாகப் பேசுகிற பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தையும் உழைப்பையும் படமாக்கித் தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் எத்தனையோ பேர் காசு பார்த்துவிட்டார்கள். அந்த முகத்துக்கு உரியவர் கேட்பதில் என்ன குறை? கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் படத்தை விடுங்கள். கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு வேஷம் கட்டிப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

செடிகளுக்கு நடுவே இறங்கி நடப்பதும் கூடாது. பாதையை விட்டு விலகாமல் இருப்பதற்கு மரியாதையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. முதலாவது குளவி. தேயிலை மலைகளில் குளவிக் கொட்டுக்கு ஆளாகித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சிலர் உயிரிழப்பதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. மரக்கிளையிலோ பாறை இடுக்கிலோ கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் கடந்து போங்கள், வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகாதீர்கள். இரண்டாவது மருந்து அடித்த செடிகள். அழகாக இருக்கிறதென்று கொழுந்தைக் கிள்ளி வாயில் போடாதீர்கள். மூன்றாவது அட்டை. காய்ந்த மாதங்களில் தார்ச் சாலையில் அதன் தொல்லை இல்லை. மழைக்குப் பிறகு புல் மூடிய குறுக்கு வழியில் கூட்டமாக இருக்கும். காலுறையின் வெளிப்பக்கம் ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொள்வது தோட்டத்துப் பழக்கம், அது வேலை செய்கிறது. ஒட்டிவிட்டால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் மெல்லத் தள்ளி விழச் செய்யுங்கள். கடிவாயில் இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், பயப்பட ஒன்றுமில்லை. கழுவித் துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

உச்சிக்குச் சற்று முன்பே நுழைவுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், சிறு தொகைதான். மேலே கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிற லிப்டன் சிலை. அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்பதால்தான் இந்தப் பெயர். தெற்கே மலை அப்படியே அறுந்து தாழ்நிலத்தில் விழுகிறது. உடவளவை நீர்த்தேக்கம் தகடாக மின்னியது. மிகத் தெளிவான நாளில் தென்கடற்கரை வரை தெரியும் என்பார்கள். எங்களுக்கு அடிவானத்தில் வெண்மையான கோடு ஒன்று தெரிந்தது, அது கடலா மேகமா என்று கடைசிவரை முடிவாகவில்லை. காற்று கடுமையாக அடித்தது. வியர்த்த உடம்போடு நிற்காதீர்கள், சைக்கிள் ஜாக்கெட்டை முதலில் போட்டுக்கொண்டு பிறகு காட்சியைப் பாருங்கள்.

அங்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது. விறகடுப்பில் சுட்ட ரொட்டி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல், குடிக்கப் பிளேன்டீ. மலையில் எடுத்த கொழுந்தின் தேத்தண்ணியை அந்த மலையிலேயே குடிப்பது தனிச் சுகம். சைக்கிளில் போகும்போது மணிக்கு ஒரு முறை வாழைப்பழமும் கடலை மிட்டாயும் தின்று பழகிய வயிறு நடையில் அவ்வளவு கேட்காது. பொட்டலம் பொட்டலமாகச் சுமந்து போகாதீர்கள். அந்தப் பணத்தை இந்தக் கடையில் செலவழியுங்கள்.

உச்சியிலிருந்து தெரிந்த அதே தென்சரிவில்தான் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை மூடிவிட்டது. மேலிருந்து பார்க்கும்போது எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். அங்கே நடந்தது தெரிந்தவர்களால் அந்தச் சரிவை வெறும் காட்சியாகப் பார்க்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே பெருமழை. அப்போது நடைக்குப் போகாதீர்கள். மற்ற மாதங்களிலும் தொடர்மழை பெய்தால் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும், அதைக் கேட்டுவிட்டு நடங்கள். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்தியாவின் உதவியோடு 2016இல் தொடங்கிய சேவை அது, இப்போது நாடு முழுவதும் இருக்கிறது.

இறங்கும்போது வேறு கிளைச் சாலையில் திரும்பி ஒரு லயத்தின் வழியாக வந்தோம். ஒரே கூரையின் கீழே வரிசையாகச் சிறு வீடுகள், ஒவ்வொன்றும் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அளவு அது. வாசலில் சாமந்தி நட்டிருந்தார்கள். நண்பருக்கு வலது முழங்கால் பிடித்துக்கொண்டதால் திண்ணையோரம் கொஞ்சம் உட்கார அனுமதி கேட்டோம். வீட்டுப் பெரியவர் பாய் கொண்டுவந்து போட்டார். அவருடைய மருமகள் கேட்காமலே இரண்டு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

பேச்சுவாக்கில் பெரியவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். “அண்ணன் குடும்பத்தோட இந்தியா போயிட்டாரு. எனக்குப் பிரஜாவுரிமை இங்க கெடச்சிச்சு, அவருக்கு அங்க. கோத்தகிரியில இருந்து கடுதாசி வரும். பொறகு நின்னு போச்சு.”

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றது. குடும்பங்கள் நடுவில் பிரிந்தன. மலையிலிருந்து ரயில் ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். நாங்கள் சைக்கிளை மிதிக்கத் தொடங்கிய கரை அவர்கள் தாத்தாக்கள் வந்திறங்கிய கரையும் பேரன்கள் விடைபெற்ற கரையும்தான். இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அண்ணனின் கடிதத்தைப் பற்றிப் பேசிய அந்தத் திண்ணையில்தான் அந்த எண்ணிக்கைக்கு எனக்கு முகம் கிடைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இப்படித் திரும்பி வந்தவர்களின் தெருக்கள் வழியாக நீலகிரிக்குச் சுற்றுலாப் போகிறோம். அங்கேயும் ஒரு நாள் காரை விட்டு இறங்கி நடந்தால் இதே கதையின் மறுபாதியைக் கேட்கலாம்.

நண்பரின் முழங்காலுக்கு வருகிறேன். இறக்கத்தில் அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றாதீர்கள். செங்குத்தான இடத்தில் குறுக்காக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் எடையில் கொஞ்சம் அதற்குப் போகும். பெரியவர் வெட்டிக் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு நண்பர் தொழிற்சாலை வரை வந்தார். அங்கிருந்து பஸ். நகரம் வரை நடந்தே தீருவேன் என்ற வீறாப்பை விட்டுவிடுங்கள். அந்தச் சாலை அழகானது, ஆனால் பஸ் சன்னலிலிருந்தும் அது அழகாகத்தான் இருக்கிறது. மறுநாள் மிதிக்கக் கால் வேண்டும்.

நடைக்கு இன்னும் நாட்கள் ஒதுக்க முடிகிறவர்களுக்கு, கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதை இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்துத் தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளை இணைத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு பகுதியை எடுத்து நடக்கலாம். ஆனால் முதல்முறை போகிற சைக்கிள்காரர்களுக்கு என் பரிந்துரை தம்பேத்தன்னைதான். வழி தவறாது, பஸ் இருக்கிறது, ஏற்றம் கடுமையல்ல, மனிதர்கள் வழி நெடுக இருக்கிறார்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மன்னார்ப் பக்கம் வெயில் தாங்கும்படி இருக்கும், மலையில் காலை தெளிவாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டிலும் போகலாம், முகட்டில் காற்று மட்டும் தள்ளும். போகும்போது ஒரு சிறு குறிப்பேடு எடுத்துப்போங்கள். தங்கள் முன்னோரின் ஊர் இதுதான் என்று யாராவது ஒரு பெயர் சொன்னால், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் விரும்பினால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு உங்கள் சைக்கிளிலேயே போய் விசாரியுங்கள். ஏதாவது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.